சோர்ந்த மனமும் நம் கடமையும்

உடலுக்கு ஒரு நோய் வந்தால் ஊரே திரண்டு வந்து நலம் விசாரிக்கிறது. காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வருகிறது. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு எதிர்வீட்டுப் பாட்டி வருகிறார். கால் முறிந்தால் கட்டுப் போட அழைத்துச் செல்ல நாலு பேர் வண்டியோடு வருகிறார்கள். ஆனால் மனம் நோயுற்றால் வருவது யாது? முதலில் அறிவுரை வருகிறது. பின்னர் ஏளனம் வருகிறது. கடைசியில் மௌனம் வந்து கதவைச் சாத்திவிடுகிறது. ஒரே மனிதனின் உடலுக்கு ஒரு நீதியும் உள்ளத்திற்கு வேறொரு நீதியும் வழங்கும் இந்த வழக்கம் சரிதானா? இதுவே என் வினா. சரியன்று என்பதே என் துணிபு.

நான் மடுகரையிலிருந்து நாள்தோறும் கல்லூரிக்கு வருபவன். நெல்லும் கரும்பும் சூழ்ந்த ஊர் எங்களுடையது. சற்றே நடந்தால் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். 'மனச்சோர்வு' என்ற சொல்லை எங்கள் தெருவில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த நோயின் பேச்சைக் கேட்காத நாளில்லை. "மனசே சரியில்ல", "நெஞ்சு கெடந்து படபடன்னு அடிச்சுக்குது", "ராத்திரியில பொட்டுத் தூக்கமில்ல", "தலையெல்லாம் எரியுது", "எதுலயும் நாட்டமே இல்ல" என்பன எங்கள் ஊரார் அந்த நோய்க்கு இட்டிருக்கும் பெயர்கள். புத்தகச் சொல் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடுமா? நோய்க்குப் பெயரில்லாத இடத்தில் பழி மனிதன் மேல் விழுகிறது. ஆண் என்றால் 'சோம்பேறி' என்கிறோம். பெண் என்றால் 'நடிக்கிறாள்' என்கிறோம். மாணவன் என்றால் 'படிப்பில் அக்கறையில்லை' என்கிறோம்.

துன்பம் வேறு, நோய் வேறு

வாழ்க்கையில் துன்பம் வருவது இயற்கை. விளைந்த பயிர் வெள்ளத்தில் போனால் வருந்தாதவன் மனிதனா? தேர்வுக்கு முன்னாள் இரவு சற்றே அஞ்சாதவன் படிக்கத்தான் முனைவானா? இத்தகைய வருத்தமும் அச்சமும் நோய்கள் அல்ல. அவை வரும்; காரணம் விலகினால் அவையும் விலகும்.

நோய் என்று எப்போது சொல்கிறோம்? மருத்துவ நூல்கள் ஓர் எல்லைக்கோடு வகுத்திருக்கின்றன. மனம் தாழ்ந்து கிடப்பது அல்லது முன்பு விருப்பமாய்ச் செய்தவற்றில் விருப்பம் அற்றுப்போவது, இவ்விரண்டில் ஒன்றேனும் நாளின் பெரும்பகுதியும் நீடித்து, இரண்டு வாரங்களுக்கு மேலும் தொடர வேண்டும். அதனோடு தூக்கம் கெடுதல், பசி குறைதல், காரணமில்லாக் களைப்பு, எதிலும் கருத்தூன்ற இயலாமை, 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம், வாழ்வே வேண்டாம் என்ற நினைவு ஆகியவற்றில் சில சேர்ந்து, அன்றாட வேலையே நடக்காத நிலை வந்தால் அது மனச்சோர்வு நோய். விடியற்காலையில் மூன்று மணிக்கே விழிப்பு வந்து, காலை நேரம் மலைபோல் கனப்பது பலருக்கும் உண்டு.

பதற்ற நோயை வீட்டுக் காவல் நாயை வைத்து விளங்கிக்கொள்ளலாம். திருடன் வந்தால் நாய் குரைக்க வேண்டும், அதற்காகத்தான் வளர்க்கிறோம். நம் மூளையிலும் அப்படி ஒரு காவல் உண்டு. ஆபத்து என்று கண்டால் அது உடலை உசுப்பிவிடும். அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிற்றைப் பிசையும். ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. நாய் காய்ந்த சருகு விழுந்தாலும் குரைக்கத் தொடங்கினால் வீட்டில் யார்தான் உறங்க முடியும்? ஆபத்தே இல்லாதபோதும் மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பதே பதற்ற நோய். அத்தகையோருக்குத் திடீரென நெஞ்சு படபடத்து, மாரடைப்பு வந்துவிட்டதோ என்று மருத்துவமனைக்கு ஓடுவதும் உண்டு. அங்கே 'ஒன்றுமில்லை, போ' என்று அனுப்பிவிடுகிறார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்பது உண்மை. ஒன்றுமே இல்லை என்பது உண்மையன்று.

எண்கள் சொல்லும் செய்தி

இது பணக்காரர் வீட்டு நோய் என்றும் பட்டணத்து நோய் என்றும் எண்ணுவோர் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் மனச்சோர்வு கொண்டோர் ஏறத்தாழ 28 கோடிப் பேர். பதற்ற நோய் கொண்டோர் ஏறத்தாழ 30 கோடிப் பேர். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டில் வயது வந்தோருள் இருபது பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்று கண்டது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமே பெறவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அறுபது பேர் அமரும் நம் வகுப்பறையை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். இருபதுக்கு ஒருவர் என்றால் அங்கே மூவர்.

நம் புதுச்சேரியின் கணக்கு இன்னும் வேதனையானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015-ஆம் ஆண்டு அறிக்கையில், தற்கொலை விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம் புதுச்சேரிக்கு. இலட்சம் பேருக்கு 43.2, அப்போது இந்தியச் சராசரி 10.6. நான்கு மடங்கு! 2022-இல் நம் விகிதம் 29.7 ஆகக் குறைந்தது; ஆயினும் 12.4 என்ற தேசியச் சராசரியைப் போல் இரு மடங்குக்கும் மேல். அண்டை மாவட்டத்தார் இங்குள்ள மருத்துவமனைகளுக்கு வந்து இறப்பதும் இக்கணக்கில் சேர்கிறது என்று விளக்கம் சொல்வோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் விழுப்புரத்தார் வீட்டு மரணம் மட்டும் நமக்கு அயலாகுமா?

தற்கொலை எல்லாவற்றுக்கும் மனநோயே காரணம் என்று நான் சொல்லவில்லை. கடன் உண்டு, குடி உண்டு, குடும்பச் சண்டை உண்டு, சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட காதலும் உண்டு. இக்காரணங்கள் எரியும் விறகு என்றால், கவனிக்கப்படாத மனச்சோர்வு அதன்மேல் ஊற்றிய எண்ணெய். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பாகூர்ப் பக்கமெல்லாம் வயலும் வீடும் நீரில் நின்றன. விழுந்த மரத்துக்கும் முங்கிய பயிருக்கும் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தார்கள். முங்கிய மனத்துக்குக் கணக்கெடுத்தவர் யார்?

வள்ளுவர் சொன்ன நால்வர்

'தைரியமாய் இரு, எல்லாம் சரியாகிவிடும்' என்பதே நாம் அனைவரும் தரும் ஒரே மருந்து. அதற்குச் சான்றாக வள்ளுவரையும் துணைக்கழைப்பார்கள். இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே அவர் பாடியிருக்கிறார் அல்லவா என்பார்கள். உண்மை, அது அறுபத்து மூன்றாம் அதிகாரம். ஆனால் அதே வள்ளுவர் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்திற்கு 'மருந்து' என்று பெயரிட்டதை ஏன் மறந்தோம்? துன்பத்திற்குத் துணிவு சொன்னவர், நோய்க்கு மருந்து சொன்னார். இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை, குழப்பிக்கொண்டவர்கள் நாம்.

அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளிலே மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை அவர் வகுக்கிறார். நோயுற்றவன் ஒருவன், நோய் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் ஒருவன். இந்த நான்காமவரை மருத்துவருக்குச் சமமாக எண்ணி வைத்தாரே, அது எவ்வளவு பெரிய பார்வை! மனநோய்க்கு இன்று மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, நோயாளிகளோ ஏராளம். இல்லாதவர் நான்காமவரே. அந்த இடம் நம்முடையது.

என் அத்தை கண்ட உண்மை

இதை நான் நூலில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் அத்தை ஒருவர் நடவுக்குப் போனால் வரிசையில் முதலாளாய் நிற்பவர். பாட்டும் சிரிப்புமாய் இருப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்திற்குப் பிறகு அவர் வேலைக்குப் போவதை நிறுத்தினார். தலை வாருவதில்லை, சோறு இறங்குவதில்லை. கேட்டால், "என்னாத்த சொல்றது தம்பி, ஒடம்பெல்லாம் எரியுது, எழுந்திருக்கவே முடியல" என்பார். தனியார் மருத்துவர் ஒருவரிடம் போனார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரத்தம் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். கோயிலில் மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். ஏழு மாதங்கள் போயின. கழுத்திலிருந்த சிறு சங்கிலியும் அடகுக்குப் போயிற்று.

கடைசியில், தடுப்பூசிக் கணக்கெடுக்க வீட்டுக்கு வந்த கிராமச் செவிலியர் அவரிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். "ரெண்டு வாரமா மனசு சோர்ந்தே கெடக்குதாம்மா? முன்ன ஆசையா செஞ்ச வேலை எதுவும் இப்பப் புடிக்கலையா?" அத்தை பதில் சொல்லவில்லை, அழுதார். அந்த அழுகைதான் நோயின் முதல் சரியான பரிசோதனை முடிவு. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் முதலில் தைராய்டும் இரத்தசோகையும் இருக்கின்றனவா என்று பார்த்தார். அவையும் இப்படிக் களைப்பையும் சோர்வையும் தரக்கூடியவை. பின்னர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. 'இதுவும் வீண்' என்று வீட்டார் நிறுத்தப் பார்த்தார்கள். மருத்துவரோ, இம்மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்று முன்னரே சொல்லியிருந்தார். ஐந்தாம் வாரம் ஒரு நாள் அத்தை தாமாகவே, "கருவாட்டுக் கொழம்பு வச்சா நல்லாருக்கும்" என்றார். அன்று எங்கள் வீட்டில் இருந்த மகிழ்ச்சியை எழுத்தில் வடிக்க இயலாது.

அந்த ஏழு மாதமும் அதன் பின்னும் மாதந்தோறும் அவரைப் பேருந்தில் அழைத்துச் சென்று, வரிசையில் நின்று, மருந்து வாங்கி, நேரம் பார்த்துக் கொடுத்தவர் என் மாமா. அவருக்கு எழுத்தறிவு குறைவு. ஆனால் வள்ளுவர் சொன்ன நான்காமவர் அவர்தான்.

நான் பொருளியல் மாணவன். ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். மருந்து இலவசம். ஆனால் மடுகரையிலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரி போய்வர இருவருக்குப் பேருந்துக் கட்டணம் உண்டு. இருவருடைய ஒரு நாள் கூலியும் போகிறது. வெளியில் சாப்பாடு வேறு. ஆக, கூலிக் குடும்பத்திற்கு இலவச மருத்துவம் இலவசமாக இல்லை. நம் மக்கள் பாதியில் மருந்தை நிறுத்துவதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. இந்தக் கணக்கும் காரணம்.

மறுப்புகளும் விடைகளும்

'வறுமை தீர்ந்தால் கவலை தீரும், மாத்திரை எதற்கு?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. வறுமை தீர வேண்டும் என்பதில் எனக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் எழுந்து நடக்கவே இயலாதவனால் வறுமையோடு எப்படிப் போரிட முடியும்? கடன்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் கடன் தீரட்டும் என்று காத்திருக்கிறோமா? இரண்டையும் ஒருங்கே செய்வதே முறை.

'நம் முன்னோர்க்கு இந்த நோய் இருந்ததா?' என்பது இன்னொரு கேள்வி. சென்னையில் இன்று கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794-ஆம் ஆண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நோயாளிகள் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இருந்ததைக் கண்டுகொள்ளாததும் கட்டிப்போட்டதுமே நம் மரபாக இருந்தது. 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் கருகினர். அத்துயரம் நாட்டையே உலுக்கியது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவத்தை ஒவ்வொருவருடைய உரிமையாக்கியது. நோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவர் என்றே கருத வேண்டும் என்றும் கூறியது. அம்முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கி வைத்திருந்த பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இடம்பெறவில்லை. சட்டம் மாறிவிட்டது, மாறாதவை நம் வாயும் நம் பார்வையுமே.

'பெண்ணுக்கு வரன் வராது, பையனுக்கு வேலை கிடைக்காது' என்ற அச்சமும் உண்டு. இதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். உண்மையான அச்சம் அது. ஆனால் மறைத்து வைத்த நோய் முற்றித்தான் வெளிவரும். மருத்துவம் பெற்றவரோ பெரும்பாலும் தேறி, தம் வேலையைத் தாமே பார்க்கிறார். எது வீட்டுக்குக் கௌரவம்?

ஆண்களைப் பற்றியும் ஒரு சொல். மனச்சோர்வு பெண்களிடையே மிகுதி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நம் நாட்டில் தற்கொலையால் இறப்பவரில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். ஏன் இந்த முரண்? பெண் தன் துயரைக் கிணற்றடியிலாவது சொல்லி அழுகிறாள். ஆணோ அழுதால் ஆணில்லை என்று வளர்க்கப்பட்டவன். அவன் அதைக் குடியில் கரைக்கப் பார்க்கிறான். சாராயம் சில மணி நேரம் மறக்கச் செய்யலாம். ஆனால் அது தூக்கத்தைக் கெடுத்துச் சோர்வைப் பன்மடங்காக்கும் பொருள். மறக்கக் குடித்தவன் மறுநாள் இரு சுமையோடு எழுகிறான்.

நாள்தோறும் செய்யத்தக்கவை

மருத்துவரிடம் போகும் அளவுக்கு முற்றாதபோதும், போய்வந்த பிறகும், நாமே செய்துகொள்ளத்தக்கவை பல.

தூங்கும் நேரமும் எழும் நேரமும் நாள்தோறும் ஒன்றாக இருக்கட்டும். கைப்பேசியைத் தலையணைக்கடியில் வைத்துப் படுக்கும் வழக்கத்தை விடுவோம். விடிந்ததும் வெயிலில் அரைமணி நேரம் நடப்போம். ஏரிக்கரைக்குக் கட்டணம் இல்லை.

'மனம் சரியானதும் வேலை செய்கிறேன்' என்று காத்திராமல், சிறிய வேலை ஒன்றை முதலில் செய்வது நலம். குளிப்பது, துணி மடிப்பது, ஒரு பக்கம் படிப்பது போதும். மனம் கைகளை இயக்க மறுக்கும்போது கைகள் மனத்தை இயக்கும். மனச்சோர்வு மருத்துவத்தில் சோதித்து ஏற்கப்பட்ட வழி இது.

பதற்றம் பொங்கும்போது மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் வெளியே விடுக. சில நிமிடங்களில் நெஞ்சின் ஓட்டம் தணியும். 'இது ஆபத்தன்று, நாய் வீணே குரைக்கிறது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் பயன் தரும். கவலைகளைத் தாளில் எழுதி, நம்மால் தீர்க்கக்கூடியவை ஒரு பக்கம், கூடாதவை ஒரு பக்கம் என்று பிரித்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஒன்றை இன்றே தொடங்கலாம்.

தூக்க மாத்திரையை மருந்துக் கடையில் தானாக வாங்கி விழுங்குவது கூடாது. அதற்கு அடிமையாக நேரும். மனச்சோர்வுக்கு மருத்துவர் தரும் மருந்தைத் தேறியதும் சட்டென நிறுத்துவதும் தவறு. தேறிய பின்னும் சில மாதங்கள் தொடர்ந்து, அவர் சொல்லும் முறையில் குறைத்தே நிறுத்த வேண்டும்.

நான்காமவராக இருப்பவருக்கும் சில உண்டு. அறிவுரையைக் குறைத்துக் காதைக் கொடுங்கள். 'இதற்கெல்லாமா அழுவாய்?' என்று கேட்காதீர்கள். 'சாப்பிட்டாயா, தூங்கினாயா, நாளை நான் கூட வரட்டுமா' என்று கேளுங்கள். நண்பன் ஒருவன் சாவைப் பற்றிப் பேசினால் அதை வேடிக்கை என்று தள்ளாதீர்கள். அப்படி எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை, சுமைதான் இறங்குகிறது. அவனைத் தனியே விடாமல், பெரியவர் ஒருவரிடமோ மருத்துவரிடமோ உடனே சேர்ப்பியுங்கள். 2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவைக்கு எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

பிறர் காட்டிய வழி

இவ்வளவுக்கும் ஊருக்கு ஊர் மனநல மருத்துவர் வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் வர வேண்டிய இளம்பெண் ஒருத்தி பேருந்துக்குப் பணமில்லாமல் வர இயலாது இறந்துபோனாள். எங்கள் ஊர்க் கணக்கும் அவ்வூர்க் கணக்கும் ஒன்றே என்பதைப் பாருங்கள்! நோயாளி வர முடியாவிட்டால் மருத்துவம் அங்கே போகட்டும் என்று அவர் 2006-இல் ஒரு வழி கண்டார். சுகாதார நிலையங்களின் வெளியே மரப்பலகை ஒன்றைப் போட்டார்; உள்ளூர்ப் பாட்டிமார்க்குப் பயிற்சி தந்து அதில் அமர்த்தினார். வந்தவர் துயரைக் கேட்பதும், ஒரு சிக்கலைத் தேர்ந்து தீர்க்க உதவுவதும் அவர்கள் பணி. அதனால் மனச்சோர்வு நன்கு குறைந்ததை 2016-இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. நம் கோவாவிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவரல்லாத உள்ளூரார் பயிற்சி பெற்று ஆறு முதல் எட்டு முறை பேசியே கடும் மனச்சோர்வைத் தணித்துக் காட்டினர். திண்ணையும் பாட்டியும் நமக்குப் புதியவையா? பயிற்சி ஒன்றுதான் குறை.

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் நிறுவிய சினேகா அமைப்பு கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் ஒரு முயற்சி செய்தது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவில் பூட்டிய பெட்டகங்களில் வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளச் செய்தது. இலங்கையோ 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்து, தற்கொலை விகிதத்தை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைத்தது. இதன் பாடம் என்ன? சாவெண்ணம் பெரும்பாலும் சிறுபொழுது வீசும் புயல். அந்தப் பொழுதைக் கடத்திவிட்டால் மனிதன் பிழைத்துக்கொள்கிறான். தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் தவறியவர்க்கு ஓராண்டு காத்திராமல் உடனடித் தேர்வு வந்ததும் இத்தகைய கருணையே. அப்பாடத்திட்டத்தையே பின்பற்றி வந்த நம் புதுச்சேரி மாணவரும் அதனால் பயன்பெற்றனர்.

நாம் கேட்பவை

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் கல்லூரிக்கு. மனம் விட்டுப் பேச ஓர் அறையும், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரும் வேண்டும். சொன்னது வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். 2022-இல் மட்டும் நம் நாட்டில் 13,000-க்கு மேற்பட்ட மாணவர்கள் தம்மை மாய்த்துக்கொண்டனர். அரியர் வைத்தவனும், கட்டணம் கட்ட வழியில்லாதவனும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவளும் நம்மிடையே அமர்ந்திருக்கிறார்கள். வருகைப் பதிவில் ஒரு பெயர் தொடர்ந்து விடுபட்டால், 'ஏன் வரவில்லை?' என்று அதட்டுவதற்கு முன், 'என்ன ஆயிற்று?' என்று கேட்குமாறு நம் விரிவுரையாளர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இரண்டாவது, அரசுக்கு. கோரிமேட்டு ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை உண்டு. 1996-இல் நாட்டில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டமும் உண்டு. அம்மருத்துவம் நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர்க் கொம்யூன்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் குறித்த கிழமையில் தவறாது வர வேண்டும். மாத்திரை அங்கேயே கிடைக்க வேண்டும். நோயாளி நகரத்துக்குப் போகும் கூலியிழப்பைவிட மருத்துவர் ஒருவர் கிராமத்துக்கு வரும் செலவு நாட்டுக்குக் குறைவே.

மூன்றாவது, நமக்கு. 1954 மார்ச் 31-இல், புதுச்சேரி நகரில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தபோதே, நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. நகரம் துணியுமுன் துணிந்த கொம்யூன் எங்களுடையது. அந்த மண்ணில் பிறந்தவர்கள், 'எனக்கு மனம் சரியில்லை, மருத்துவரிடம் போகிறேன்' என்ற ஒரு வரியைச் சொல்லவும், சொன்னவரைத் தூற்றாமல் துணைநிற்கவும் அஞ்சலாமா?

மருத்துவர் ஆவதற்குப் பல ஆண்டுப் படிப்பு வேண்டும். மருந்து செய்வதற்குத் தொழிற்சாலை வேண்டும். நான்காமவர் ஆவதற்கு வேண்டியவை கேட்கும் காதும், மாதம் ஒரு நாளும், பேருந்தில் பக்கத்து இருக்கையும்தான். மாணவத் தோழர்களே, உங்கள் வகுப்பில், உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் அந்த இருக்கை யாருக்காகவோ காலியாகக் காத்திருக்கிறது. இன்றே போய் அமருங்கள்.